லூசாக இருந்த கிளட்ச்

திருத்தணிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேலை முடிந்தால் அறைதான், பேச ஆளில்லை. அப்போது பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் ஒருவரிடம் பழைய பைக் வாங்கினேன். கியர் மாற்றும்போதெல்லாம் ‘கடக்’கென்று முரண்டு பிடித்தது. ஏமாற்றிவிட்டார் என்றே முடிவுகட்டி, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குச் சண்டைக்குப் போய்விட்டேன்.

“தெரிஞ்சுதானே என் தலையில கட்டினீங்க?”

அவர் ஸ்பேனருடன் குந்தி, தொய்ந்திருந்த கிளட்ச் கேபிளை இறுக்கினார். அப்போதுதான் கவனித்தேன். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருந்தன.

“தறியில போச்சுங்க. கிளட்ச் என் விரலுக்கு எட்டணும்னு லூசா வெச்சு ஓட்டிகினு இருந்தேன். உங்களுக்கு மாத்திக் குடுக்க மறந்துட்டேன். இப்ப ஓட்டிப் பாருங்க.”

தெருமுனைவரை போய் வந்தேன். கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

“சாப்ட்டுப் போங்க சார்” என்றார். என்னை யாரும் சாப்பிடக் கூப்பிட்டு வெகுநாளாகியிருந்தது. ஆனாலும் வெட்கத்தில், வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிக் கிளம்பிவிட்டேன்.

அதன்பின் பல ஞாயிறுகள் போய்விட்டன. வண்டியில் ஒரு குறையும் இல்லை. சண்டை போடப் போனபோது இருந்த துணிச்சல், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்ப எனக்கு இன்னும் வரவில்லை.