வராத அதிரசம்

எனக்கு அம்மை போட்டபோது வயது ஒன்பது. முதல் கொப்புளத்தைக் கண்டதுமே செத்துப்போகப் போகிறேன் என்று முடிவு செய்து, என் பம்பரத்தை யாருக்கு எழுதிவைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். தம்பிக்குக் கொடுக்க மனமில்லை. அவனுக்கு ஒட்டிவிடக் கூடாதென்று நத்தத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே மாம்பழமாகத் தின்றுகொண்டிருந்தான். எனக்கு இங்கே திண்டுக்கல்லில், பின்னறையில், வேப்பிலைப் படுக்கையும் கேப்பைக் கூழும்.

நாலாம் நாளே அழுது அடம்பிடித்துத் திரும்பி வந்துவிட்டான். ஜன்னலில் முகம் தெரிந்தது.

“அண்ணே, வலிக்குதா?”

“அதெல்லாம் இல்லப்பு. அம்மா அதிரசமாத் தாரா. உள்ள வா.”

அம்மா பார்க்காத நேரம் நுழைந்து என் போர்வைக்குள் படுத்துக்கொண்டான். அதிரசத்தைக் கேட்கவே இல்லை.

இரண்டு வாரத்தில் அவனுக்கும் போட்டது.

“ஏலே, எதுக்குடா உள்ள போன?” என்றாள் அம்மா.

“அண்ணே தனியா இருந்துச்சும்மா.”

அம்மை கண்ட பிள்ளையை அடிக்கக் கூடாது. அம்மாவின் கண் என் முதுகில் நின்றது.

மூன்றாம் முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு ஆத்தா இறங்கிப் போய்விட்டாள் என்றார்கள். நம்பினோம்.

போன வருடம், ரத்தப் புற்றுநோய் வந்த தம்பிக்கு என் ஸ்டெம் செல்லைக் கொடுத்தேன். ஊசியைப் பார்த்து நான் மயங்கி விழ, நோயாளியான அவன்தான் எனக்குச் சோடா வாங்கிவரச் சொன்னான். நாலு மாதம் கழித்து அவன் விலாவில் எரிச்சலோடு கொப்புளங்கள். கிருமி தாக்காமலிருக்கக் கொடுத்த மாத்திரையைக் குமட்டுகிறதென்று நிறுத்தியிருந்தான். பதறினால் என் புத்தி எதிர்த்திசையில்தான் ஓடும். ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் அகரத்துக் குயவர் ஒருவரிடம் கூட்டிப்போய், அக்கி என்று நினைத்து, அது இறங்கக் கொப்புளத்தின் மேல் காவியில் சிங்கம் எழுதவைத்தேன். இரண்டு நாள் வீணாயிற்று. மதுரையில் சேர்த்தபோது கிருமி நுரையீரல்வரை போயிருந்தது.

அம்மைக் கிருமி உடம்பைவிட்டுப் போவதே இல்லையாம், நரம்புக்குள் தூங்குமாம். அடுத்தவர் செல்லை வைத்தபின், புது ரத்தம் காவல் பழகும்வரை, விழித்துக்கொள்ளுமாம். “சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சா?” என்று டாக்டர் கேட்டார். வகுப்பில் மாட்டிக்கொண்டவனைப் போலக் கையைத் தூக்கினேன். “நான்தான் சார் குடுத்தேன்.”

அவனை வைத்திருந்த கண்ணாடி அறைக்குள் என்னை விடவில்லை. வெளியே நின்று, வலிக்குதா என்று வாயசைத்தேன். இல்லையென்று தலையாட்டினான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

அம்மை வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும், அதிரச ஆசையில் வந்துவிட்டு, என்னை அடியிலிருந்து காப்பாற்ற ‘தனியா இருந்துச்சு’ என்று அம்மாவிடம் பொய் சொல்கிறான் என்றுதான் அன்று நினைத்தேன்.