சாஆவுக்குப் போன சனிக்கிழமைகள்

அண்ணனை அடக்கம் செய்த அன்று எங்கள் வீட்டுக்கு எதிரே சாலையோரத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். யோங் பெங்கில் காலையிலிருந்தே வெயில் கொளுத்தியது. துக்கத்துக்கு வந்தவர்கள் பந்தலுக்குள் நாற்காலிகளை நெருக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் மட்டும் பந்தலுக்கு வராமலும் அங்கிருந்து போகாமலும், கையில் இருந்த குடையை விரிக்காமலும் நின்றாள்.

யாரோ போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னார்கள். வேனை ஓட்டி வந்தவனின் மனைவியாம்.

அண்ணன் ஆயர் ஈத்தாமுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி மேசை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். காலை ஷிப்டு என்றால் வெளிச்சம் வருமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். அன்றும் அப்படித்தான் போனான். எதிரே வந்த வேன், ராத்திரி ஷிப்டு ஆட்களை இறக்கிவிட்டு சாஆவில் இருக்கும் தன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டியவன் ஒரு நொடி கண் அசந்துவிட்டான். வேன் கோட்டைத் தாண்டி வந்தது. அண்ணன் அங்கேயே போய்விட்டான். வேனை ஓட்டியவனுக்கு நெற்றியில் ஒரு கீறல்.

சித்தப்பா அவளைத் துரத்துவதற்காக நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அதற்குள் அண்ணி சவப்பெட்டியின் பக்கத்திலிருந்து எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் சாலையைக் கடந்து போய்விட்டார். விழுந்துவிடுவாரோ என்று பயந்து நான் பின்னாலேயே ஓடினேன்.

“வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க” என்றார் அண்ணி.

“நான் எப்படிக்கா வர்றது” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணியும் குனிந்து உட்கார்ந்தார். “உங்க வீட்டுக்காரர் எங்க?”

“பாலாய்ல வச்சிருக்காங்க.”

“சாப்பிட்டாரா?”

போலீஸ் நிலையத்தில் அடைபட்டுக் கிடப்பவன் சாப்பிட்டானா என்று, கணவனின் பெட்டி திறந்திருக்கும்போதே அண்ணி கேட்டார். அந்தக் கேள்வி என்னை எரித்தது. அதற்கு அந்தப் பெண் பதில் சொன்னாளா என்பது இப்போது நினைவில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அடக்கம் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பிறகு அந்தச் சத்தம் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. அண்ணனின் மோட்டார் பழசு. உதைத்தால் இரண்டு தடவை இருமும். மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் கொஞ்சம் நிற்கும். அப்புறம்தான் உயிர் வரும். விடியும் முன் வாசலில் அதே இருமல், அதே நிறுத்தம். எழுந்து ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடத்தில் எண்ணெய் சிந்திய கறை மட்டும் இருக்கும். மோட்டார் நசுங்கிய இரும்பாகப் போலீஸ் நிலையத்துக்குப் பின்னால் கிடந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சபையில் சொன்னால் வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணி அதை விரட்டுவார்கள். அதை விரட்ட எனக்கு மனமில்லை.

எங்களுடையது சின்னச் சபை. கடை வரிசையில் மாடியில் கூடுவோம். நம்மைச் சுற்றியிருக்கும் ஊருக்கு நாம் எப்படிப் பயனாக இருக்கலாம் என்று யோசிக்க ஒரு குழு இருந்தது, நானும் அதில் இருந்தேன். பள்ளிக்கூடப் பைகள் கொடுத்திருக்கிறோம், இரத்த அழுத்தம் பார்க்கும் முகாம் வைத்திருக்கிறோம். அண்ணன் போன பிறகு கூடிய முதல் கூட்டத்தில் தீபாவளிக்கு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று பேசினோம். அண்ணி கடைசி நாற்காலியில் இருந்தார். படி இறங்கும்போது என்னிடம் கேட்டார். “சனிக்கிழமை காடி எடுப்பியா? சாஆவுக்குப் போணும்.”

அண்ணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. கொண்டுபோய் விடுகிறேன், ஆனால் காரைவிட்டு இறங்கமாட்டேன் என்றேன். சரி என்றார்.

அந்த வீடு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் இருந்தது. பின்பக்கம் செம்பனைத் தோட்டம் தொடங்கிவிடும், பகலிலேயே மரங்களுக்கு அடியில் இருட்டாக இருக்கும். அண்ணி மீன் குழம்பும் சோறும் கொண்டு உள்ளே போனார். நான் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டு ஜன்னல் திரை விலகிப் பிறகு மூடிக்கொண்டது. சந்தில் வந்த ஒரு பெண்மணி அந்த வீட்டு வாசல் வந்ததும் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நடந்து போனார்.

திரும்பி வரும்போது அண்ணி நிலைமையைச் சொன்னார். அவன் ஜாமீனில் வந்துவிட்டான். வந்ததிலிருந்து பின்னறையை விட்டு வெளியே வருவதில்லை. குளிப்பதில்லை, ஒரு வாய் தின்றால் கக்கிவிடுகிறான். செத்தவன் அவனைப் பிடித்திருக்கிறான் என்று அந்த வரிசை முழுக்கப் பேச்சு. பூசாரி வந்து கயிறு கட்டிவிட்டுப் போனார். அவன் மனைவி காலையில் வாசலில் வடையும் நாசி லெமாக் சோறும் விற்றுக்கொண்டிருந்தாள். பிணம் ஒட்டிய வீட்டில் யார் வாங்கித் தின்பார்கள்? அவள் அடுப்பை அணைத்துவிட்டாள்.

“நல்லா வேணும்” என்றேன். அண்ணி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் அடுத்த சனிக்கிழமையும் கிளம்பி நின்றார். அதற்கடுத்ததும்.

ஒருமுறை போனபோது மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் நான் இருப்பதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் குடையோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள். அன்று விரிக்காமல் வைத்திருந்த குடைதானா என்று தெரியவில்லை. குடை எனக்காகத்தான் என்பதுபோல் அதை என் பக்கம் சாய்த்துப் பிடித்தபடி அவள் நனைந்துகொண்டு நின்றாள். இறங்கினேன்.

முன்னறையில் முருகன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது. அண்ணி உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்க, அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். இவ்வளவு நாளும் நான் மனத்தில் வைத்திருந்த முகம் வேறு. இது தாடி வளர்ந்து கண் உள்ளே போன, யாருடையதோ ஒரு முகம். அவன் என்னைக் கவனிக்கவில்லை. அண்ணியிடம் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான்.

“தூக்கம் வரலம்மா. விடியகாலைல மோட்டார் சத்தம் கேக்குது.”

“இடிச்ச சத்தமா?”

“அது இல்ல. ஸ்டார்ட் ஆவுற சத்தம். ரெண்டு தடவ இருமும். கொஞ்சம் நிக்கும். அப்புறம்தான் புடிக்கும். அந்த மோட்டார் ஸ்டார்ட் ஆயி நான் கேட்டதே இல்லியே. எனக்கு எப்படித் தெரியும்?”

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவன் நிமிர்ந்து பார்த்தான், என் முகத்தில் அண்ணனின் சாயலைக் கண்டிருக்க வேண்டும், சுவரோடு இன்னும் ஒடுங்கினான்.

“எனக்கும் கேக்குது” என்றேன். நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்குக் கேக்கல” என்றார். “ஒரு நாளாவது கேக்காதான்னு எந்திரிச்சு உக்காந்திருக்கேன்.”

அண்ணி அடக்கத்தன்று அழவில்லை, அதற்குப் பிறகும் அழுது நான் பார்த்ததில்லை. அந்த அறையில்தான் அழுதார். வேன் ஓட்டியவரும் அழுதார். என்னைத் திட்டுங்கம்மா, அடிச்சுட்டாவது போங்க என்று தலையைத் தாழ்த்திக் காட்டினார். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதற்காக இவ்வளவு தூரம் வரவில்லை என்றார். பிறகு சொன்னார். “மன்னிச்சிட்டேன்னு சொல்ல வாய் வரல. பொய் சொல்ல மாட்டேன். வர்ற வரைக்கும் நான் வந்துகிட்டு இருப்பேன்.”

அந்தச் சத்தத்துக்கு நான் விளக்கம் எதையும் தேடவில்லை. நேரில் கேட்காத சத்தம் அவருக்கு எங்கிருந்து போனது என்று இன்றும் எனக்குத் தெரியாது. அது எங்கள் வீட்டு வாசலில் மட்டும் நின்றுவிடவில்லை என்று தெரிந்ததும், ஏனோ, தனியாக எழுந்து ஜன்னலைத் திறக்கும் பயம் குறைந்தது.

அதன் பிறகு நானும் உள்ளே போனேன். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சோறு போட்டுக் கொடுப்போம், அவர் சாப்பிடுவார். அண்ணி அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு ஒரு சின்ன ஜெபம் பண்ணுவார். அந்தப் பெண் நெற்றியில் திருநீற்றோடு கைகூப்பி நிற்பாள். ஒருநாள் அடுப்பு மூட்டி வடை சுட்டு எங்களுக்குக் கட்டிக் கொடுத்தாள். காருக்கு வரும்போது எதிர் வீட்டு அம்மா கதவருகே நின்று, நீங்கள் செத்தவரின் மனைவியா என்று அண்ணியிடம் நேராகவே கேட்டார். ஆமாம் என்றார் அண்ணி. அந்த அம்மா அண்ணியின் கையில் இருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் போனபோது அவர் வீட்டுக் கிண்ணம் ஒன்று இந்த வீட்டு மேசையில் இருந்தது, உள்ளே சேமியா பாயசம். “அவங்களே வர்றாங்க, நமக்கு என்ன வந்துச்சுன்னாங்கக்கா” என்று அந்தப் பெண் சொன்னாள். பிறகு ஒவ்வொருவராக வடை வாங்க வந்தார்களாம்.

செய்தி சபைக்கும் எட்டியது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் இதைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும் என்று போதகர் அண்ணியைக் கேட்டார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணமில்லை. அண்ணி மறுத்துவிட்டார். அந்தக் குடும்பத்தை எப்போது ஆராதனைக்கு அழைத்து வரப்போகிறீர்கள் என்று குழுவில் சிலர் கேட்டார்கள்.

“இப்ப நான் கூப்பிட்டா மாட்டேன்னு சொல்ல அவங்களால முடியாது” என்றார் அண்ணி. “அதனால கூப்பிட மாட்டேன்.”

அதில் சிலருக்கு வருத்தம் இருந்தது. பலன் காட்டாத ஊழியம் என்று ஒருவர் என்னிடமே சொன்னார். சபையாக எல்லாரும் சேர்ந்து சொல்லும் ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய இடம் வரும்போது என் வாய் இன்னும் மூடிக்கொண்டுதான் இருந்தது. அடுத்தவருக்கு நான் என்ன சொல்ல?

வழக்கு அதன் பாட்டுக்கு நடந்து முடிந்தது. அவருக்கு அபராதம் போட்டு லைசன்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். இனி ஓட்டச் சொன்னாலும் ஓட்டமாட்டேன் என்று அவர் சாலையோரச் செடி விற்கும் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். சைக்கிளில் போய் வருவார். ஒரு சனிக்கிழமை யோங் பெங்குக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தோம். முச்சந்திச் சிவப்பு விளக்கில் நின்றபோது அண்ணி, “இன்னிக்கு சொல்லிட்டேன்” என்றார். எதை என்று நான் கேட்கவில்லை. பச்சை விழுந்தும் நான் நகரவில்லை, பின்னால் இருந்த லோரி ஹாரன் அடித்தது.

சத்தம் எனக்கு இப்போதும் எப்போதாவது கேட்கிறது. அவரிடம் கேட்டால் கேட்கிறது என்பார், அல்லது இந்த வாரம் இல்லை என்பார். வயல் காய்ந்ததா, மழை பெய்ததா என்று விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொள்வோம்.

இவ்வருடத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை போனபோது வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு அம்மாதான் அடுத்த வரிசையைக் கை காட்டினார். அங்கே ஒரு வீட்டில் முந்தின நாள் ஒரு இளைஞன் தூக்குப் போட்டுக்கொண்டான். உடல் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்து வரவில்லை. அவனுடைய அப்பா மட்டும் வீட்டில் தனியாக இருந்தார், யாருக்கும் உள்ளே போகத் தைரியமில்லை, இவர்கள் இரண்டு பேரும்தான் போயிருக்கிறார்கள் என்றார்.

நடந்து போனோம். சந்து முனையில் ஒரு கூட்டம் நின்றது, கூட வந்த எதிர் வீட்டு அம்மாவும் அதோடு நின்றுவிட்டார். மரியாதைக்கு வந்தவர்கள்தான், ஆனால் வாசலிலிருந்து நல்ல தூரம் விட்டு நின்றார்கள். கதவு திறந்திருந்தது. உள்ளே உத்தரத்தில் வெட்டி எடுத்த கயிற்றின் மிச்சம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் அவிழ்க்கவில்லை. அதற்கு நேர் கீழே அந்த அப்பா தரையில் இருந்தார். பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி, எங்கள் சாஆக்காரர் உட்கார்ந்திருந்தார். சமையலறையில் அவர் மனைவி தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

எங்களைப் பார்த்தும் அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அந்த மனிதர் சாய்ந்துவிடுவார் என்று தெரிந்தது. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குப் போனார். என்னால் கயிற்றைப் பார்க்க முடியவில்லை. ஒரு முக்காலியைத் தேடிப் போட்டு ஏறி, அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சந்து முனையிலிருந்து எதிர் வீட்டு அம்மா மெல்ல நடந்து வந்தார். என் கையிலிருந்ததை வாங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டி வைத்தார். பிறகு திறந்திருந்த கதவைப் பார்த்தபடி, உள்ளே போலாமா என்று கேட்டார்.

போலாம் என்றேன்.