சின்ன எழுத்துச் சாமி

"உன் சாமிக்கு மட்டும் ஏம்மா சின்ன எழுத்து?"

கேட்டவள் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள். கணவர் கிறிஸ்தவர், நான் முருகனைக் கும்பிடுகிறவள். ஆங்கிலப் பாடத்தில் எங்கள் இருவரின் சாமிக்குமே 'God' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தாள். முருகனுக்குச் சின்ன எழுத்துதான் என்றாராம் மிஸ். அவள் அழித்தபோது ரப்பர் மணத்தது.

என் சின்ன வயதில், மாதனூரில் ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் என் அப்பாவின் சட்டையிலும் ரப்பரும் பசையும் மணக்கும். கால் கழுவி, முருகன் படத்தின் முன் விபூதி பூசிய பிறகே டீ குடிப்பார். எனக்கும் என் பள்ளி மிஸ் இப்படித் திருத்திய அன்று, அவர் வாசலில் நுழைந்ததுமே சொன்னேன்.

"இன்னாம்மா இது? அவங்க சாமி பர்மனென்ட், நம்ம சாமி கான்ட்ராக்டா?"

"ஆமா, உன்ன மாதிரியேதான்" என்று அம்மா சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. அன்று விபூதி பூசாமலே டீயை எடுத்துக்கொண்டார்.

நேற்று நான் விளக்கேற்றியபோது மகள் வந்து நிற்கவில்லை. கூப்பிட்டேன். "நீயே கும்புட்டுக்கோ" என்றாள். மிஸ்ஸிடம் கேட்டால் பிள்ளைக்குத் தொல்லை வருமோ, கணவரிடம் சொன்னால் மனம் நோவாரோ என்று எதுவும் செய்யாமல் இருக்கிறேன். அவளிடம் நான் என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.