பாலைவனத்துக்கு மூட்டை கட்டினேன்

என் வீட்டுக்காரர் பாலைவனத்துக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டு வந்த அன்று, நான் மாட்டுக்குக் கரும்புத் தோகை நறுக்கிக்கொண்டிருந்தேன். வந்தவர் நேரே தொட்டித் தண்ணீரில் முகம் கழுவினார். துண்டால் துடைத்தபடி, வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னார்:

"பஸ்ராவுக்குப் பேர் குடுத்துட்டேன். சண்டை போட இல்ல. ரோடு போட, தண்டவாளம் போட. கூடாரத்துல தங்கணுமாம்."

பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. மொரீசியஸிலிருந்து கூலிப் பட்டாளம் என்று ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கோ அரபு மணல்காட்டில் வேலை என்று ஊரெல்லாம் பேச்சு. பேசுகிறவர்கள் பேசட்டும், நம் வீட்டிலிருந்து யார் போகப்போகிறார்கள் என்று நான் இருந்தேன். ரிவியேர் டு ராம்பார் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு துண்டு கரும்பு நிலம், ஒரு வண்டி, ஒரு மாடு. அப்போது பிள்ளை இல்லை. இந்த மனுஷனுக்கு மணல்காட்டில் என்ன வேலை?

கத்தியைக் கீழே போட்டேன். நறுக்கியது பாதி, நறுக்காதது பாதியாகக் கிடந்தது. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன். அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார். "கேக்கலைல்ல? இனிமே நானும் பேசலை, போங்க" என்றேன். என் வாய் ஊருக்கே தெரியும். நான் பேசாமல் இருப்பேன் என்று அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் இருந்தேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். போன இடத்தில் இவர் செத்துப்போனால் நான் என்ன ஆவேன் என்ற பயம். பயத்தைப் பயமாகக் காட்ட எனக்குத் தெரியாது. அந்தக் குறை இன்றைக்கும் இருக்கிறது.

பேச்சு நின்றது, வேலை நிற்கவில்லை. போகிறவருக்கு மூட்டை கட்டவேண்டுமே. அவர் துறைமுகப் பட்டணத்துக்குப் போய் நாலு நாள் பயிற்சி எடுத்துவிட்டு வந்தார். வந்ததும் கோணிச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து, கொல்லையில் ஒரு கூடாரம் போட ஆரம்பித்தார். நடுவில் ஒரு கம்பம். ஒரு கூடாரத்துக்குப் பத்துப் பேராம், எல்லார் காலும் கம்பத்தைப் பார்த்து, தலை வெளிப்பக்கமாகப் படுக்கவேண்டுமாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, மாட்டிடம் சொன்னார். நானும் பதிலை மாட்டிடமே சொன்னேன். இரண்டு பேரும் அதன் முகத்தைப் பார்த்தே பேசினதில் அந்த வாயில்லா ஜீவன் தவிடு தின்பதையே குறைத்துவிட்டது.

எங்கள் ஊர் மண்ணில் ஒரு சாண் தோண்டினால் கல். கரும்பு வைக்கும் முன்பு கல்லைப் பொறுக்கிக் குவித்தே இடுப்பு ஒடிந்துபோகும். அதனால் இந்த மனுஷன் ஆப்பு எல்லாம் ஒரு சாண் அளவில், கட்டையும் குட்டையுமாகச் செதுக்கினார். இரும்பு மாதிரியான கட்டை, கல் இடுக்கில் அடித்தால் யானை இழுத்தாலும் வராது. அப்படி இருபது ஆப்பு செதுக்கி, எண்ணெய் தடவி அடுக்கி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். புயலுக்குக் கூரையைக் கட்டுகிற நம் ஆட்களுக்குக் கூடாரம் கட்டத் தெரியாதா என்று மாட்டிடம் பெருமை வேறு.

"மணல்ல குட்டை ஆப்பு நிக்குமா, கேட்டுச் சொல்லு" என்றேன் மாட்டிடம்.

அவர் கையிலிருந்த ஆப்பைக் கீழே வைத்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வண்டி பூட்டினார். நான் கூப்பிடாமலே ஏறி உட்கார்ந்துகொண்டேன். அரிசி, சட்டி, சாக்குக் கூடாரம், இருபது ஆப்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். எங்கள் தீவில் பாலைவனத்துக்கு அதைவிட்டால் வேறு இடம் ஏது?

கூடாரத்தை எழுப்பினார். காற்று ஒரு தள்ளு தள்ளியது. இருபது ஆப்பும் பல் விழுவதைப் போலப் பொலபொலவென்று பிடுங்கிக்கொண்டு வந்தன. கூடாரம் அவர் மேலேயே விழுந்தது. சாக்குக்கு அடியிலிருந்து அவர் தும்முகிற சத்தம் கேட்டது. எனக்கு வந்த சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மறுபடி எழுப்பினார், மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை விழுந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை, சாக்கை விலக்கிவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்ததும் என் சிரிப்பு போய்விட்டது.

ஒரு சின்னச் சாக்கில் மணலை நிரப்பினேன். வாயைக் கட்டி, கயிற்றின் முனையை அதில் முடிந்தேன். இரண்டு கையாலும் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, சாக்கைப் புதைத்து, மேலே மிதித்தேன். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அவர் எழுந்துவந்து தானும் இழுத்துப் பார்த்தார். அடுத்த சாக்கை நிரப்பத் தொடங்கினார். மத்தியானத்துக்குள் கூடாரம் நின்றது. உள்ளே உட்கார்ந்து சோறு தின்றோம், வாய்க்கு வாய் மணல். நறநறவென்று மென்றபடி அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சட்டியைப் பார்த்துக்கொண்டேன். பஸ்ராவிலும் அப்படிச் சாக்கு புதைத்துத்தான் பாதிக் கூடாரங்கள் நின்றன என்று, திரும்பி வந்தபிறகு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது யார் யோசனை என்பதை மட்டும் எப்போதும் விட்டுவிடுவார்.

துணி விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லவேண்டும். பாலைவனம் என்றால் சூடு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்கள் ஆட்களுக்குச் சூடு என்றால் கோயில் தீக்குழி. அவர் இரண்டு வருஷமாகத் தீ மிதிக்கிறவர். "குழியிலயே நடந்த காலுக்கு மணல் சூடு ஒரு சூடா?" என்று அவர் மாட்டிடம் கேட்டதை நானும் சரி என்றே நினைத்தேன். மெல்லிசு வேட்டி நாலு, பனியன் மூன்று, தலைக்குத் துண்டு. அதோடு மூட்டையைக் கட்டிவிட்டேன். பருப்புப் பொடி, எலுமிச்சை ஊறுகாய், உப்புக் கருவாடு தனி மூட்டை. அங்கே டப்பாவில் மாட்டுக்கறி கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதால் அந்த மூட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

அந்த வாரம் துணி விற்கும் பாய் வந்தார். சூரத்துக்காரர், மக்காவுக்குப் போய்வந்தவர். மூட்டையைப் பார்த்து யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். ஐயோ என்று நெற்றியில் கை வைத்தார். "அஸ்வார் ஃப்ரே, மாதாம்! ஃப்ரே மெம்!" என்றார். பொழுது சாய்ந்தால் குளிர், அப்படி இப்படிக் குளிர் இல்லை, பல் கிட்டிக்கொள்ளும் குளிர் என்று நடித்தே காட்டினார். தீக்குழியை நினைத்துக்கொண்டு ஒரு மனுஷனைக் குளிரில் சாக அனுப்பப் பார்த்தேனே!

அவரிடமே ஒரு கம்பளி வாங்கி, பழைய புடவை இரண்டை அதன் மேல் வைத்துத் தைத்து, மூட்டையில் திணித்தேன். சாயங்காலம் இவர் வந்து பார்த்தார். பாலைவனத்துக்குக் கம்பளியா, இவளுக்குக் கோபத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று எடுத்து வெளியே வைத்தார். நான் மறுபடி உள்ளே வைத்தேன். அவர் எடுத்தார். நான் வைத்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துபோகிற காரியம். சொல்லவில்லையே நான்! மூட்டையைச் சாக்கு ஊசியால் சுற்றிலும் தைத்து மூடினேன். அப்படிப்பட்ட வீம்பு.

என் கணக்கு ஒன்று இருந்தது. கப்பல் ஏறும் நாளில் துறைமுகம் வரை அவரோடு ரயிலில் போவது, அந்த ரயிலில் எல்லாவற்றையும் பேசித் தீர்ப்பது. திட்டுவதும் அங்கேதான், அழுவதும் அங்கேதான். அத்தனை தூரம் உட்கார்ந்து பேசலாமே என்று வார்த்தைகளைச் சேர்த்துச் சேர்த்து வைத்தேன்.

தீ மிதியைப் பற்றிச் சொன்னேனே, அது எனக்காக வைத்த வேண்டுதல். மூன்று வருஷத்துக்கு முன்பு மலேரியாவில் நான் பிழைக்கமாட்டேன் என்று ஊரே கையை விட்டது. இவள் பிழைத்தால் மூன்று வருஷம் குழி இறங்குகிறேன் என்று அம்மனிடம் நேர்ந்துகொண்டார். இரண்டு முடிந்தது, ஒன்று பாக்கி. திருவிழா முடிந்துதான் கப்பல் என்று பட்டாளத்தில் சொல்லியிருந்ததால், எப்போதும் போலப் பூசாரி அவர் கையில் மஞ்சள் காப்புக் கட்டினார். காப்புக் கட்டினால் தீ மிதி முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அது யாருக்கும் விலக்கு இல்லாத சட்டம்.

காப்புக் கட்டிய மூன்றாம் நாள் போலீஸ்காரர் காகிதத்தோடு வந்தார். கப்பல் கிளம்பும் நாள் முந்திவிட்டது, நாளை மறுநாள் காலை ரயிலில் வரவேண்டும், வராதவனுக்கு ஜெயில்.

இவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் காப்பு, மடியில் காகிதம். போகாவிட்டால் ஜெயில். போனால் என் உயிருக்கு வைத்த வேண்டுதலை உடைத்தவர் ஆவார். ஜெயிலுக்கே போகிறேன் என்று முணுமுணுத்தார். இந்தத் தடவை மாட்டிடம்கூட இல்லை, தரையிடம்.

சேதி கேட்டுப் பூசாரி கரும்பு வெட்டிவிட்டு நேரே வந்தார், இடுப்புக் கத்தியைக்கூடக் கழற்றி வைக்காமல். "அவுக்கக் கூடாது. ஆனா கை மாத்தலாம். அதே வீட்டு ஆள் ஏத்துக்கிட்டு, அவனுக்குப் பதிலாக் குழி இறங்கினா அம்மன் ஒண்ணும் சொல்ல மாட்டா. கட்டினவன் வெத்தல வச்சு மூணு தரம் கேக்கணும். வாங்குறவங்க மூணு தரமும் வாயால சொல்லணும்."

அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? நான்தான். தலையை ஆட்டினேன்.

"தலையாட்டுறதுக்குத்தான் மாடு இருக்கே. வாயத் திறந்து சொல்லும்மா" என்றார் பூசாரி.

என் வீட்டுக்காரர் வெற்றிலையை என் கையில் வைத்தார். "எனக்காக ஏத்துக்குவியா, புள்ள?"

பதினெட்டு நாள் அவரிடம் பூட்டிய வாய். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை கேட்டபோது, "ஏத்துக்கிட்டேன்" என்று கட்டைக் குரலில் வந்தது. பூசாரி அதை முதலாவதாகவே வைத்துக்கொண்டார். அடுத்த இரண்டுக்கும் நான் அழுதுகொண்டே சொன்னேன். அவர் தன் கையிலிருந்து காப்பை அவிழ்த்து என் கையில் முடிந்தார். பூசாரி கிளம்பும்போது வாசலில் திரும்பி, "இனி நீதான் எல்லை தாண்டக் கூடாது, நினைப்பிருக்கட்டும்" என்றார்.

அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. லாகார், அதுதான் ரயில் ஏறும் ஸ்டேஷன், ஆற்றுக்கு அந்தப் பக்கம். ஊர் எல்லை ஆற்றுப் பாலம். நான் சேர்த்து வைத்த பேச்சுக்கு இனி ரயில் இல்லை, பாலம் வரை நடக்கிற தூரம்தான் மிச்சம்.

அந்தக் காலையில் நடந்தபடி பேசினேன், மூச்சு விடாமல் பேசினேன். கம்பளியை யாருக்கும் கொடுக்காதீங்க, ஊறுகாயை ஈரக் கையால் தொடாதீங்க, தண்ணீரைக் காய்ச்சிக் குடிங்க, சாக்கை முழங்கை ஆழம் புதைங்க. அவர் உம், உம் என்று வந்தார். பாலம் கண்ணில் பட்டதும் எனக்கு ஊறுகாயும் கம்பளியும் தீர்ந்துபோயின. கேட்கவேண்டியதைக் கேட்டேன்.

"ஏன் போறீங்க? நான் என்ன குறை வச்சேன்?"

அவர் மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். "ஒரு குறையும் இல்ல. உனக்குக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல, புள்ள. நீ மூச்சு விடுறியான்னு பாத்துக்கிட்டே படுத்திருப்பேன். மூணு வருஷமா. மூக்குக்கிட்ட கை வச்சுப் பாப்பேன். உங்கிட்ட சொன்னா நீ பயந்துக்குவ. எட்டாத தூரத்துக்குப் போனா பாக்க முடியாதுல்ல. பாக்க முடியலன்னா விட்டுருவேன்னு நெனச்சேன்."

மூன்று வருஷம் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டிருக்கிறேன் நான். அவர் என் கையிலிருந்த காப்பை ஒரு தரம் தொட்டார். பிறகு பாலத்தில் ஏறி நடந்தார்.

பின்னாலேயே ஓடவேண்டும் போல இருந்தது. ஒரு அடி எடுத்து வைத்தால் அவர் வைத்த வேண்டுதலும் போய்விடும், அவருடைய மூன்று வருஷமும் போய்விடும். பாலத்தின் முதல் கல்லில் கால் விரல் இடிக்க நின்றேன். அவர் அக்கரை போய்ச் சேரும்போதுதான் என் குரல் எனக்குக் கிடைத்தது. ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினேன்.

"ஏங்க! நான் நல்லா மூச்சு விடுறேங்க! கேக்குதா? போய்த் தூங்குங்க!"