பீரோ சாவியும் புது டைரக்டரும்

நேற்று, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி, நடுவில் என் ஸ்கூட்டர். துறைமுக கேட்டில் என்ன தகராறோ... வரிசை அசையவே இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புதிதா என்ன? ஆனால் நேற்று நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி பார்த்தேன். காரணம், என் சட்டைப் பாக்கெட்டில் ஒரு சாவி.

எர்ணாவூரில் இருக்கும் எங்கள் கிறிஸ்தவ சபையின் பீரோ சாவி அது. பீரோவுக்குள் மைக், ஸ்பீக்கர், பிள்ளைகள் பெயர் எழுதும் ரிஜிஸ்டர், கலர் தொப்பிகள் எல்லாம் இருக்கின்றன. கோடை விடுமுறையில் சபை நடத்தும் பத்து நாள் பிள்ளைகள் முகாம் — வி.பி.எஸ். — நேற்றுக் காலை ஒன்பது மணிக்குத்தான் ஆரம்பம். சபைப் பிள்ளைகள் மட்டுமில்லை, பக்கத்துக் குப்பங்களில் இருந்தும் ஓடி வருவார்கள். பாட்டு, கதை, கடைசி நாள் பிரியாணி... யார்தான் வர மாட்டார்கள்?

பத்தொன்பது வருஷமாக அதற்கு டைரக்டர் சாட்சாத் நானேதான். இந்த வருஷம் ஜெனிட்டா.

ஜெனிட்டாவுக்கு இருபத்தாறு வயது. அத்திப்பட்டு பக்கம் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். ஹெல்மெட் போடாமல் உள்ளே வரும் லாரி டிரைவர்களை ஒரே சத்தத்தில் நிறுத்துகிற பெண். பிள்ளைகளுக்கு வாராவாரம் நான் நடத்தும் சண்டே ஸ்கூலை ஜூனிலிருந்து தன்னிடம் கொடுக்கும்படி அவளே சபைக் கமிட்டியிடம் கேட்டிருந்தாள். கமிட்டி யோசித்தது. முதலில் வி.பி.எஸ்.ஸை நடத்தட்டும், முதல் வாரம் எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்யலாம் என்றார்கள். சரியாக வரவில்லை என்றால் சண்டே ஸ்கூல் பழையபடி என் கையில். இதற்காக ஆபீசில் பத்து நாள் லீவு போட்டிருக்கிறாள் அந்தப் பெண்.

“வாலிபர்கள்தான் நாளைய தலைவர்கள், அவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள்” என்று இந்த வட்டாரத்துச் சபைகளில் நான் பேசாத மேடை இல்லை. கைதட்டல் பலமாக இருக்கும்.

சாவியை மட்டும் கொடுக்கவில்லை.

அவள் மூன்று முறை கேட்டாள். முதல் முறை ஆராதனை முடிந்து வாசலில். “அந்தப் பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணும்மா, தூக்கிப் பிடிச்சுத் திருப்பணும், நானே வந்து திறந்துடறேன்” என்றேன். இரண்டாம் முறை போனில் கேட்டாள். பேச்சை மாற்றினேன். மூன்றாம் முறை, ஞாயிறு இரவு, வாட்ஸ்ஆப்பில். கும்பிடும் கை படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன். இதற்கெல்லாம் என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்காதீர்கள். மூடி மறைக்காமல் சொல்வதானால், நான் போய்த் திறந்தால்தான் நிகழ்ச்சி ஆரம்பிக்கும் என்கிற அந்தச் சுகம் எனக்கு வேண்டியிருந்தது.

லாரிகளுக்கு நடுவில் வியர்த்து வழிந்து நின்றபோது இன்னொன்றும் தோன்றியது. அங்கே பிள்ளைகள் கூச்சல் போட்டு, கூட்டம் குழம்பி, எல்லோரும் என்னைத் தேடிக்கொண்டிருந்தால்... நன்றாகத்தான் இருக்கும் இல்லையா? கர்த்தரே, என்னை மன்னியும். அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். சத்தமே இல்லை. ஒருவரும் வரவில்லையோ என்று உள்ளே எட்டிப் பார்த்தால், நூற்றுச் சொச்சம் பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஜெனிட்டா ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்று, மைக் இல்லாமல், புயலில் மாட்டிய படகின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“காத்து அடிக்குது, தண்ணி உள்ள பூந்துகினு கீது. ஆனா ஆண்டவரு இன்னா பண்ணிகினு இருந்தாரு?”

“தூங்கிகினு இருந்தாரு!”

குப்பத்துச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். “எங்கப்பாவும் மீன் புடிக்கிற போட்டுல தூங்கும்க்கா. காத்து வந்தா மாமா காலால ஒதைச்சு எழுப்பும்.”

சபையே சிரித்தது. “அதே கதைதான் இங்கயும். ஆனா யாரும் ஒதைக்கல, பயந்து போயி கத்துனாங்க” என்று ஜெனிட்டா கதையைத் தொடர்ந்தாள். சுவரில் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பாட்டு எழுதி ஒட்டியிருந்தது. பிள்ளைகளின் பெயர்களை அவள் சிநேகிதிகள் போனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னை ஒரு ஜீவன் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். இல்லை, அழுகைதான் வந்தது.

அப்போதுதான் தேவராஜ் அண்ணன் உள்ளே வந்தார். கமிட்டியில் மூத்தவர், துறைமுகத்தில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் தலையாட்டினால் கமிட்டியே தலையாட்டும்.

“இன்னாம்மா இது? மைக்கு இல்ல, தொப்பி இல்ல, ரிஜிஸ்டரும் இல்ல. பீரோவ ஏன் தொறக்கல?”

பிள்ளைகள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். ஜெனிட்டா என்னை ஒரு தரம் பார்த்தாள். என் கை பாக்கெட்டின் மேல் இருந்தது.

“சாவி வாங்க மறந்துட்டேன் அங்கிள். என் தப்புதான்” என்றாள்.

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை.

பிள்ளைகள் கலைந்த பிறகு அவளிடம் போனேன். “ஏம்மா அப்படிச் சொன்னே?”

“அம்மாம் பசங்க முன்னால உங்கள வுட்டுக் குடுக்க சொல்றீங்களா அங்கிள்? வுடுங்க” என்றவள், பெஞ்சைத் தூக்கி ஓரமாகப் போடப் போய்விட்டாள்.

தலைமைப் பயிற்சிக்கு நாங்கள் ஆண்டுதோறும் முகாம் போடுகிறோம், நோட்டீஸ் அடிக்கிறோம், வெளியூரில் இருந்து ஆள் கூப்பிட்டுப் பேச வைக்கிறோம். பயிற்சி யாருக்குத் தேவை என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். பிள்ளைகள் தயாராகத்தான் இருக்கிறார்கள். கையை எடுக்கத் தெரியாதவர்கள் நாங்கள். ‘ஆலோசகர்’ என்று ஒரு நாற்காலி கேட்போம், அதில் உட்கார்ந்துகொண்டு ஒரு நாளைக்குப் பத்து போன் போடுவோம்.

நேற்று சாயங்காலம் தேவராஜ் அண்ணன் போன் செய்தார்.

“பாத்தியா நைனா, மொத நாளே சாவிய மறந்துட்டு நிக்குது. இத்த நம்பி சண்டே ஸ்கூல எப்படிக் குடுக்கறது? ஞாயித்துக்கெழம பேசி முடிச்சுர்றேன். நீயே பாத்துக்கோ.”

“ம்... பார்க்கலாம் அண்ணே” என்றேன். உண்மையைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

இன்று காலையில் முதல் வேலையாகச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டேன். ஆனால் கமிட்டி கேட்கப்போவது சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்றா? மறந்தது யார் என்றுதானே?

வாய் திறக்காத எனக்கு எழுதவாவது வருகிறது. வாரப் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கம் இன்று அச்சுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை கடைக்கு வந்துவிடும். கமிட்டிக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால்.

தேவராஜ் அண்ணே, வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு முதல் போன் போடுகிறவர் நீங்கள்தான். அந்தப் பெண் எதையும் மறக்கவில்லை. மூன்று முறை கேட்டாள், நான் கொடுக்கவில்லை.