பன்னிரண்டு பாளங்களும் ஒரு தார்ப்பூச்சும்

அக்காவோடு ஒரே வீட்டில் இருப்பதே பெரும்பாடு. ஒரே இடத்தில் வேலையும் பார்ப்பது என் தலையெழுத்து. நெடுஞ்சாலை ஆய்வுக்கூடத்தில் அவள் கான்கிரீட்டைச் சோதிப்பவள், நான் அங்கே வேன் ஓட்டுபவன். கான்கிரீட்டைச் சின்னச் சின்னக் கட்டிகளாக வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, பிறகு இயந்திரத்தில் நசுக்கி, எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்று எழுதுவாள். வீட்டிலும் இதே கூத்துதான். மாடிப்படிச் சுவரில் விரிசல் விட்டால், அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவாள். பூசிவிடலாமே என்று வாயைத் திறந்தால் போச்சு. வளர்கிறதா என்று பார்க்க வேண்டுமாம், தொடக் கூடாதாம். சுவர் பூராவும் தேதிகள். வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லியே நான் அலுத்துப்போனேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு மேலிடத்தை நச்சரித்து, புறவழிச்சாலையில் பன்னிரண்டு கான்கிரீட் பாளங்கள் போடவைத்தாள். ஆறு பாளம் வழக்கமான கலவை. மற்ற ஆறில் சிமென்ட்டைக் கொஞ்சம் குறைத்து, அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சேர்த்து, ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்தாள். அன்று பிடித்தது எனக்குச் சனி. மாதம் தவறாமல் வேனை எடு என்பாள். மண்டை பிளக்கும் வெயிலில் நான் கொடி பிடித்து லாரிகளை ஒதுக்குவேன், அவள் மண்டியிட்டு விரிசலை அளப்பாள். வழக்கமான ஆறும் மூன்றாம் வருடமே வெடித்து ஓரம் உதிர ஆரம்பித்தன. லாரிக்காரர்களின் வசவு முழுக்க எனக்கு. சாம்பல் சேர்த்த ஆறும் போட்டது போட்டபடி கிடந்தன. இரண்டையும் ஒப்பிட வேண்டும், எதையும் பழுதுபார்க்காதீர்கள் என்று பராமரிப்புப் பிரிவுக்குக் கடிதம் கொடுத்திருந்தாள். வருடா வருடம் மேலிடத்துக்கு அறிக்கையும் அனுப்பினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இந்த வருடம் ஒரு புது அதிகாரி வந்தார். இந்த ஆராய்ச்சியால் அரசாங்கத்துக்கு என்ன மிச்சம் என்று காட்டுங்கள், இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு ஆய்வுக்கூடத்தை மூடிவிடலாம் என்றார். அக்கா அசரவில்லை. காகிதமே வேண்டாம், நேரில் வந்து அந்தப் பன்னிரண்டையும் பாருங்கள் என்றாள். புதன்கிழமை வருவதாகச் சொன்னார்.

புதன் காலை நாங்கள் போய் இறங்கினால், பன்னிரண்டு பாளமும் கன்னங்கரேலென்று ஒன்றுபோல மின்னுகின்றன. பராமரிப்பு மேஸ்திரி பல்லெல்லாம் தெரிய நின்றார். பெரிய அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டு, உடைந்ததையெல்லாம் கொத்தி நிரப்பி, மொத்தத்துக்கும் மேலே தார் போட்டுவிட்டாராம். கடிதமா? அது சும்மா நாளுக்கு, அதிகாரி வருகிற நாளுக்குமா என்றார். அக்கா பேர் கெடக் கூடாது என்றுதான் இத்தனையும் செய்தாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இந்த மனிதர் மறைத்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.  அக்கா முகம் வெளுத்துவிட்டது.

அதிகாரி வந்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கிறது, இதற்கா ஒன்பது வருடம் என்று கேட்டார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கார்க் கதவைத் திறந்தார். அக்கா இந்தக் கூடத்தில் பார்த்த இருபத்திரண்டு வருட வேலை அந்தக் கதவோடு சாத்தப்படப் போகிறது என்று நினைத்தேன்.

அக்கா அவரை விட்டுவிட்டு மேஸ்திரியிடம் திரும்பினாள்.

"மேஸ்திரி, இந்தப் பக்கம் சாதாக் கலவை ஆறுக்கு எவ்வளவு வேலை இருந்துச்சு?"

அதிகாரி முன்னால் பெருமையடிக்கக் கிடைத்த வாய்ப்பு, விடுவாரா?

"அத ஏன் கேக்கறீங்க மேடம். இருபது ஆளு, முழுசா ரெண்டு நாளு. கொத்தக் கொத்த உள்ள போய்க்கிட்டே இருக்கு. ரெண்டு லாரி கலவை குடிச்சிருச்சு."

"அந்தப் பக்கம் சாம்பல் கலவை ஆறுக்கு?"

"அதுல என்ன மேடம் வேலை? கூட்டிட்டுத் தாரை ஊத்துனோம், அவ்வளவுதான்."

காரில் வைத்த காலை அதிகாரி கீழே எடுத்தார். சட்டைப்பையிலிருந்து குறிப்பேடு வந்தது. மேஸ்திரியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதினார். இப்படி எத்தனை கிலோமீட்டர் சாலை இருக்கிறது, வருடத்துக்கு எத்தனை முறை கொத்துகிறீர்கள் என்று கேட்டு, அங்கேயே நின்று பெருக்கிப் பார்த்தார்.  கூடம் இருக்கட்டும், அடுத்த சாலையைச் சாம்பல் கலவையிலேயே போடலாம் என்றார். போகும்போது மேஸ்திரிக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில் நான் வாயெல்லாம் பல்லாக ஓட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கையைப் பார்த்தால் அக்கா அழுதுகொண்டிருக்கிறாள். அதான் பிழைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று எரிந்து விழுந்தேன்.

"ஒன்பது வருஷமா நான் இதத்தானேடா எழுதி அனுப்புனேன். ஒருத்தர்கூடப் படிக்கல."

 அந்த ஒன்பது அறிக்கைகளையும் வேனில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். ஒன்றையாவது நான் பிரித்துப் பார்த்ததில்லை.