கெட்டிக்காரப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் வாப்பாவின் டீயும்

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ரங்கூனில் எங்கள் தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். பீஸ் கிடையாது. புத்தகமும் மதியச் சாப்பாடும்கூட அவர்களே தருவார்கள். யாரோ ஒரு பணக்காரர் புண்ணியத்துக்காக நடத்தினாராம். புண்ணியம்! பரீட்சை எழுதித் தேறினேன். டீக்கடை வைத்திருந்த வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் டாக்டராகி வந்துவிட்டதைப் போலவே கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அளந்தார்.

அங்கே 'கலா' பிள்ளைகளை எடுக்க மாட்டார்கள் என்று முன்பே பேச்சிருந்தது. கலா என்றால் நாங்கள்தான். எத்தனை தலைமுறை ரங்கூனில் கிடந்தாலும் இந்திய முகத்துக்கு அந்தப் பெயர்தான். அதனால் உம்மா என்னைப் பக்கத்து வீட்டு பர்மியப் பெரியம்மாவின் மகள் என்று சொல்லித்தான் பரீட்சைக்கே அனுப்பியிருந்தார். பிள்ளையில்லாத பெரியம்மாவும் சந்தோஷமாகச் சம்மதித்திருந்தார். அடுத்து டீச்சரம்மா வீடு பார்க்க வரப்போவதாகச் சொல்லியனுப்பினார்கள்.

அன்று உம்மா, பர்மியப் பெண்கள் முகத்தில் பூசுகிற தனக்காச் சந்தனத்தை என் கன்னத்தில் அப்பி, பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

"வாயில தமிழ் வந்துச்சு, தொலைச்சுப்புடுவேன். என்னைய உம்மான்னு கூப்பிடவே கூடாது, தெரியுதா?"

சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வாப்பாவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. "டீ கொண்டாந்து குடுக்குற ஆளா ஒரு எட்டு வந்துட்டுப் போயிர்றேன். யாருக்குத் தெரியப்போவுது?" என்று உம்மாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தார்.

டீச்சரம்மா வந்து உட்கார்ந்ததும் வாப்பா டீயோடு நுழைந்தார். டீச்சரம்மாவுக்கு ஒன்று, பெரியம்மாவுக்கு ஒன்று, கடைசியில் எனக்கு. என்னுடையதில் பாலேடு கூடுதலாக மிதந்தது. கிளாஸை வலது கையில் வாங்கி, "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் குடித்தேன். அதைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட இறங்காது. பேச்சு வந்த நாளில் வாப்பாவே சொல்லிக்கொடுத்தது. வாப்பாவின் முகம் எப்போதும்போல மலர்ந்து, உடனே வெளிறியது. பெரியம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீச்சரம்மா என் பக்கம் திரும்பினார். என்னிடம் ஒரு கணக்குப் போட்டார், பளிச்சென்று விடை சொன்னேன். டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். குடிக்க மட்டும் கலா டீ இனித்தது போலிருக்கிறது. வாசலில் நின்ற வாப்பாவைத் தாண்டும்போது, முஸ்லிம் டீக்கடைக்காரர்களை அங்கே எல்லோரும் கூப்பிடுகிற பெயரால் கூப்பிட்டு, சிரித்தபடி பர்மிய மொழியில் சொன்னார்:

"காகா, உங்க மகளை நல்லா வளர்த்திருக்கீங்க."

வாப்பா தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பெண்ணின் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மனிதரை அங்கேயே நிறுத்திவைத்து, அவர் டீயையும் குடித்துவிட்டு!

நான் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடிக் கதவைத் தட்டினேன்.

"உம்மா, உம்மா! டீச்சர் வாப்பாவைப் பாராட்டிட்டுப் போறாங்க! எனக்கு இடம் கிடைச்சிருச்சு!"

உம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையால் என் கன்னத்துத் தனக்காவை அழுத்தி அழுத்தித் துடைத்தார். எரிந்தது. டீச்சரம்மா பாராட்டியதற்கு இவர் ஏன் இப்படி அழுகிறார் என்று அந்தக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு விளங்கவே இல்லை.